உங்கள் கணக்கு எங்கள் கிளையில் இல்லை

வங்கிக் கிளையில் காத்திருக்கும் வாடிக்கையாளரின் முகத்தை வாடச் செய்ய ‘லிங்க் இல்லை’ என்னும் இரண்டு சொற்கள் போதும். மின்விசிறி சுழல்கிறது, விளக்குகள் எரிகின்றன, அலுவலரின் மேசைமீதுள்ள கணினியும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் நூறு ரூபாயைக்கூட எடுக்க இயலவில்லை. “கம்ப்யூட்டர் ஓடுகிறதே சார், பிறகென்ன?” என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்வி. கவுன்ட்டரில் நின்றபடி இரண்டு நிமிடங்களில் அதற்கு விடை சொல்ல எங்களால் இயன்றதில்லை. ஆகவே இங்கே சற்று விரிவாகச் சொல்ல முயல்கிறோம். பணம் அனுப்பும் வேளையில் திரை அப்படியே நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதும் அந்த விடைக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஓர் உண்மை. கவுன்ட்டரிலுள்ள கணினியில் உங்கள் கணக்கு இல்லை. கிளையின் வேறு எந்த அறையிலும் இல்லை. உங்கள் பெயர், இருப்புத் தொகை, கையெழுத்தின் படம், கடன் தவணை விவரம் ஆகிய அனைத்தும் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தரவு மையத்தில் இருக்கின்றன. கவுன்ட்டர்க் கணினி உங்கள் வைப்புத் தொகைக்கு வட்டி கணக்கிடுவதுமில்லை. அது செய்யும் வேலை எளியது: ஒரு படிவத்தைத் திரையில் காட்டுகிறது, அலுவலர் தட்டச்சு செய்ததை மையத்துக்கு அனுப்புகிறது, வந்த பதிலைத் திரையிலோ தாளிலோ தருகிறது. இத்தகைய கணினி ஏற்பாட்டைத் ‘தின் கிளையன்ட்’ என்பார்கள். ‘கிளையன்ட்’ என்றால் வாடிக்கையாளர் என்றே பொருள். அந்த வகையில் எங்கள் கணினியும் உங்களைப் போலவே வேறோர் இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கும் ஒரு வாடிக்கையாளர்தான்.

பேரேட்டிலிருந்து தரவு மையத்துக்கு

எப்போதும் இப்படி இருந்ததில்லை. கிளையிலேயே உங்கள் கணக்கு வாழ்ந்த காலம் நெடியது. தடித்த பேரேடுகளில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பக்கம் இருந்தது. காசோலையைக் கொடுத்துவிட்டுப் பித்தளை வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த நாட்கள் மூத்த வாடிக்கையாளர்களுக்கு நினைவிருக்கும். அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, 1984-இல் அளித்த அறிக்கையில் கிளைகளில் பேரேட்டுப் பதிவு இயந்திரங்களை நிறுவப் பரிந்துரைத்தது. அவர் தலைமையிலேயே அமைந்த மற்றொரு குழு 1989-இல் கணினிமயத்தை மேலும் முன்னெடுத்துச் சென்றது. ஊழியர்களிடையே அப்போது இருந்த அச்சமும் எதிர்ப்பும் தனிக் கட்டுரைக்குரியவை.

பின்னர் வந்த கணினிகள் பேரேட்டை அகற்றின, கிளையை மாற்றவில்லை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு சர்வர், அதில் அக்கிளையின் கணக்குகள் மட்டும். கிளைகள் தனித்தனித் தீவுகளாக இருந்தன. நாசிக்கில் கணக்கு வைத்திருப்பவர் நாக்பூரில் பணம் எடுக்க விரும்பினால் வரைவோலையோ பயணிகள் காசோலையோதான் வழி. மென்பொருளில் ஒரு திருத்தம் என்றால், அது தகட்டில் பதிவாகி ஒவ்வொரு கிளைக்கும் பயணம் செய்ய வேண்டும். ஒரு கிளையில் இன்று ஏறும். மற்றொன்றில் அடுத்த வாரம் ஏறும். இரவில் எடுத்த காப்பு நாடாவைப் பத்திரப்படுத்துவது கிளை மேலாளரின் பொறுப்பு. கிளைக்குள் வெள்ளம் புகுந்தால் நோட்டுக் கட்டுகளுக்கு முன்னர் அந்த நாடாவைத்தான் மேலே தூக்கி வைக்க வேண்டும் என்று எங்கள் மூத்தோர் சொல்வார்கள். நோட்டை ரிசர்வ் வங்கி மீண்டும் அச்சடித்துவிடும். நாடா போனால் எவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

கணக்குகள் அனைத்தும் ஒரே மையத்துக்குப் போனதால் உங்களுக்குக் கிடைத்த நன்மைகளில், எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்பது எல்லோரும் அறிந்தது. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று உண்டு. 2010 மார்ச் வரை சேமிப்புக் கணக்குக்கு வட்டி, ஒவ்வொரு மாதத்திலும் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே இருந்த மிகக் குறைந்த இருப்பின் மீதுதான் கணக்கிடப்பட்டது. மாதம் முழுவதும் 50,000 ரூபாய் இருந்து, 28-ஆம் தேதி 45,000 ரூபாயை எடுத்துவிட்டால், அம்மாதத்துக்கு 5,000 ரூபாய்க்கே வட்டி. கையால் கணக்கிட்ட காலத்தில் வேறு வழியில்லை. லட்சக்கணக்கான கணக்குகளுக்கு நாள்தோறும் எவர் பெருக்கிப் பார்ப்பது? கிளைகள் கணினிமயமான பின்னர், 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்பின் மீதே வட்டி வழங்க வேண்டுமென ரிசர்வ் வங்கி விதித்தது.

நடுவில் நிற்கும் சர்வர்

கணக்குகளை மையத்தில் வைத்தால் மட்டும் போதாது. அவற்றை எப்படி அணுகுவது என்பதே கடினமான பகுதி. கவுன்ட்டர்க் கணினியில் முழு மென்பொருளையும் ஏற்றி, அது நேரடியாக மையத்தின் தரவுத்தளத்தோடு பேசட்டும் என்று விடலாமே என்று தோன்றும். ஒரே கட்டடத்துக்குள் அது நன்றாக நடக்கும். தொலைவு வந்தால் நடக்காது.

மலைப்பகுதிக் கிளை ஒன்று விண்கோள் வழியாக மையத்தோடு இணைக்கப்பட்டுள்ளது என்று கொள்வோம். ஐதராபாத்தில் ரிசர்வ் வங்கி நிறுவிய வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் 1999-இல் வங்கிகளுக்கென உருவாக்கிய ‘இன்ஃபினெட்’ வலையமைப்பு விண்கோள் இணைப்பைக் கொண்டுதான் தொடங்கியது. இழை வடம் எட்டாத ஊர்களில் இன்றும் கிளையின் மாடியில் ஒரு வெண்ணிறக் கிண்ணம் நிற்பதைக் காணலாம். அந்த விண்கோள் பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலே சென்று கீழே இறங்க வேண்டும். பதிலும் அவ்வாறே வர வேண்டும். மொத்தம் 1,44,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலும் அரை வினாடி ஆகிறது. ஒரு காசோலைக்குப் பணம் கொடுக்குமுன் மென்பொருள் தரவுத்தளத்திடம் பலவற்றைக் கேட்கிறது: கணக்கு நடப்பில் உள்ளதா, முடக்கப்பட்டுள்ளதா, இந்தக் காசோலை எண் வழங்கப்பட்டதா, பணம் தர வேண்டாமென்று அறிவுறுத்தல் உள்ளதா, இருப்பு போதுமா... இருபது கேள்விகள் என்றால், ஒவ்வொன்றும் விண்கோள் வழியே போய் வர, பயணத்திலேயே பத்து வினாடிகள் கழிந்துவிடும். ஒரு கவுன்ட்டருக்கு ஒரு நாளில் இருநூறு பேர் வந்தால் அந்தப் பத்து வினாடிகள் அரை மணி நேரத்துக்கும் மேலாகும்.

இதற்கான தீர்வுதான் அப்ளிகேஷன் சர்வர். இதைப் பயன்பாட்டுச் சேவையகம் என்று சொல்லலாம். வங்கியின் விதிகள் அனைத்தும் அடங்கிய மென்பொருள் கிளையிலும் இல்லை, தரவுத்தளத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, தரவுத்தளத்தின் பக்கத்து அறையிலுள்ள இந்தச் சர்வரில் ஓடுகிறது. கிளையிலிருந்து ‘இந்தக் காசோலைக்குப் பணம் கொடு’ என்னும் ஒரே கோரிக்கைதான் விண்கோளைத் தாண்டுகிறது. இருபது கேள்விகளும் அடுத்தடுத்த அறைகளுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்து, ஒரே பதில் திரும்பி வருகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999 டிசம்பரில் வெளியிட்ட ‘ஜே2இஇ’ என்னும் ஜாவா தரநிலை இத்தகைய சர்வர்களுக்கு ஒரு பொது இலக்கணத்தை வகுத்தது. வெப்லாஜிக், வெப்ஸ்ஃபியர், ஜேபாஸ் போன்ற சர்வர்கள் அந்த இலக்கணத்தைப் பின்பற்றியவையே.

இந்தச் சர்வர் செய்யும் மற்றொரு வேலையை எங்கள் கிளைக் காட்சியைக் கொண்டே விளக்கலாம். கிளைக்குள் ஐம்பது பேர் இருந்தாலும் பணம் தரும் கவுன்ட்டர்கள் நான்குதான். டோக்கன் எண் வரும்போது செல்கிறீர்கள். உங்கள் வேலை முடிந்ததும் இடம் அடுத்தவருக்கு. தரவுத்தளத்தோடு ஓர் இணைப்பைத் திறந்து வைத்திருப்பது செலவுமிக்கது. நாடெங்கும் உள்ள பல்லாயிரம் கவுன்ட்டர்க் கணினிகளும் ஆளுக்கோர் இணைப்பைப் பிடித்துக்கொண்டால், தரவுத்தளத்தின் ஆற்றல் அவற்றைத் தாங்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே அப்ளிகேஷன் சர்வர் சில நூறு இணைப்புகளை மட்டும் தன்வசம் வைத்துக்கொண்டு, வரும் கோரிக்கைக்கு ஒன்றை இரவல் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. சம்பளமும் ஓய்வூதியமும் வரவாகும் மாதத் தொடக்க நாட்களில் எல்லா இணைப்புகளும் வெளியே போயிருக்கும். புதிய கோரிக்கை வரிசையில் நிற்கும். அன்று உங்கள் அலுவலர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது சோம்பலால் அன்று என்பதை நம்புமாறு வேண்டுகிறோம்.

மூன்று வகை நிறுத்தங்கள்

இவ்வமைப்பு புரிந்தால், ‘லிங்க் இல்லை’ என்ற ஒரே சொல்லால் நாங்கள் குறிப்பிடுவது உண்மையில் மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் என்பதும் புரியும். கிளைக்கும் மையத்துக்கும் இடையிலான இணைப்பு அறுந்திருக்கலாம். பெருமழையில் விண்கோள் குறிப்பலை மங்கலாம், சாலை தோண்டும் இயந்திரம் வடத்தை வெட்டலாம். அப்போது பாதிப்பு அந்தக் கிளைக்கு மட்டுமே. அடுத்த தெருவிலுள்ள கிளையிலும், உங்கள் கைப்பேசியிலும் பணி நடக்கும். அப்ளிகேஷன் சர்வர் நெரிசலில் இருந்தால், எல்லாக் கிளைகளிலும் வேலை நடக்கும், மெதுவாக. தரவுத்தளமே நின்றால் நாடெங்கும் நிற்கும். காத்திருப்பதைத் தவிர எவராலும் ஏதும் செய்ய இயலாது. ஆகவே அடுத்த முறை ‘லிங்க் இல்லை’ என்று கேட்க நேர்ந்தால், “இந்தக் கிளைக்கு மட்டுமா?” என்று கேளுங்கள். ஆம் என்பது பதிலானால் ஆட்டோ பிடித்துப் பக்கத்துக் கிளைக்குப் போவதில் பயனுண்டு. இதை நாங்களே முன்வந்து சொல்ல வேண்டும். பல கிளைகளில் சொல்வதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மையமே பழுதானால் என்ன ஆகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அப்ளிகேஷன் சர்வர் ஒற்றை இயந்திரமாக இருப்பதில்லை. பல இயந்திரங்கள் குழுவாக நிற்கின்றன, ஒன்று விழுந்தால் மற்றவை சுமையை ஏற்கின்றன. தரவு மையம் முழுவதுமே செயலிழக்கும் நிலைக்காக, வேறொரு நிலநடுக்க மண்டலத்தில் பேரிடர் மீட்பு மையம் ஒன்று இயங்குகிறது. அங்கே உங்கள் கணக்கின் படி ஒன்று இடைவிடாது எழுதப்படுகிறது. ஒளியிழையில் 1,000 கிலோமீட்டர் சென்று திரும்ப ஏறக்குறைய 10 மில்லிவினாடி ஆகும். ஒவ்வொரு பதிவுக்கும் அத்தொலைவிலிருந்து ஒப்புகை வரும்வரை காத்திருந்தால் கவுன்ட்டர்கள் தேங்கும் என்பதால், தொலைதூரப் படி ஓரிரு கணம் பின்தங்கியே வரும். அந்தச் சிறு இடைவெளியும் இழப்பாகிவிடாதபடி, மையத்துக்கு அருகிலேயே மற்றொரு படியை உடனுக்குடன் எழுதுவதும் உண்டு. ஞாயிறு அதிகாலையில் ‘பராமரிப்புப் பணி’ என்று உங்களுக்குக் குறுஞ்செய்தி வந்தால், வங்கி தன் பணியைப் பேரிடர் மையத்துக்கு மாற்றிப் பார்க்கும் ஒத்திகையாகவும் அது இருக்கலாம்.

திரைக்குத் தெரியாத ஒன்று

இனி, நாங்கள் மிகவும் சொல்ல விரும்பும் பகுதி. வணிகவியல் படித்து வங்கிக்கு வந்த எங்களைப் போன்றோர்க்கு முதல் பாடமே ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பதுதான். அப்ளிகேஷன் சர்வரும் அதே பாடத்தைத்தான் காக்கிறது. ஒரு கணக்கில் பற்று எழுதி மறு கணக்கில் வரவு எழுதுவதை அது ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. இரண்டும் நடந்தால்தான் பதிவு நிலைபெறும். நடுவில் ஏதேனும் தவறினால் முதலில் எழுதியதும் அழிந்து, ஏதும் நடவாததைப் போல் ஆகிவிடும். பாதியில் நின்ற பரிவர்த்தனை என்று தரவுத்தளத்துக்குள் ஏதும் இல்லை.

ஆனால் திரைக்கு அது தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன், விண்கோள் இணைப்பிலிருந்த ஒரு சிறிய கிளையில் எங்கள் கையாலேயே நடந்த தவறு இது. ஒரு தச்சுத் தொழிலாளி, மகளின் கல்லூரிக் கட்டணம் 85,000 ரூபாயை நெஃப்ட் வழியாகச் செலுத்த வந்திருந்தார். அன்றே கடைசி நாள். வெளியே மழை. விவரங்களைப் பதிந்து, சரிபார்த்து, ஒப்புதல் கொடுத்ததும் திரை நின்றுவிட்டது. இரண்டு நிமிடம் கழித்து ‘பதில் கிடைக்கவில்லை’ என்ற செய்தி வந்தது. “போயிற்றா சார்?” என்று அவர் நான்காவது முறையாகக் கேட்டார். போகவில்லை என்று நாங்கள் முடிவு செய்து, இணைப்பு திரும்பியதும் மீண்டும் பதிந்தோம். இம்முறை உடனே போயிற்று. அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மாலையில் அன்றைய பதிவுகளைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, முதல் முறையும் போயிருந்தது. எங்கள் கோரிக்கை மையத்தை அடைந்து, பற்றும் வரவும் முறையாக நடந்து, பதில் திரும்பி வரும் வழியில்தான் மழையில் தொலைந்திருந்தது.

விடுதிக் கட்டணத்துக்கென்று அவர் வைத்திருந்த பணம் இரண்டாவது முறையாகக் கல்லூரிக் கணக்குக்குப் போய்விட்டது. ஒருவர் கணக்கில் வரவான தொகையை அவர் இசைவின்றி வங்கி திரும்ப எடுத்துவிட முடியாது. கல்லூரிக்குக் கடிதம் எழுதி, தொலைபேசியில் பேசி, பணம் திரும்புவதற்கு ஒன்பது வேலை நாட்களாயின. விடுதிக்கான கெடு அதற்குள் கடந்திருந்தது. எங்கள் மேலாளர் கல்லூரி முதல்வரிடம் பேசிய பிறகு கெடுவை நீட்டித்தார்கள். அவர் எங்கள்மீது சினம் கொள்ளவில்லை. கொண்டிருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

‘கோரிக்கை போகவில்லை’ என்பதும் ‘போய் முடிந்தது, பதில்தான் வரவில்லை’ என்பதும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். கணக்கு அங்கே, திரை இங்கே என்றானபின் இந்த ஐயத்தை முற்றிலும் நீக்க வழியில்லை. ஐயம் வந்தால் மீண்டும் அனுப்புவதற்கு முன் கணக்கைக் கேட்க வேண்டும். இருப்பு குறைந்துள்ளதா, யூ.டி.ஆர். எண் உருவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடங்கள் காத்திருக்க நேர்ந்தாலும் காத்திருக்க வேண்டும். அதே கணக்கிலிருந்து, அதே தொகை, அதே நபருக்கு மறுபடி செல்லும்போது எச்சரிக்கும் வசதி பல வங்கி மென்பொருள்களில் இப்போது இருக்கிறது. எச்சரிக்கத்தான் முடியும், தடுக்க இயலாது. உண்மையிலேயே ஒரே நாளில் இருமுறை அனுப்ப வேண்டியவர்களும் உண்டல்லவா?

இது உங்கள் கைப்பேசிக்கும் பொருந்தும். இணைய வங்கிச் சேவையில் உங்கள் உலாவியும், யு.பி.ஐ.யில் உங்கள் செயலியும் எங்கள் கவுன்ட்டர்க் கணினியைப் போலவே மெலிந்த முனைகள்தாம். பணம் அனுப்பிய பின் திரை சுழன்றுகொண்டே இருந்தால், பின்செல்லும் பொத்தானையோ புதுப்பிக்கும் பொத்தானையோ அழுத்தாதீர்கள்; அதே கோரிக்கை இரண்டாம் முறை போகக்கூடும். முதலில் கணக்கு விவரத்தைத் திறந்து பாருங்கள். சில நிமிடங்கள் தொடாமலிருந்தால் இணைய வங்கி உங்களை வெளியேற்றிவிடுவதும் இதே அமைப்பின் ஒரு பகுதி. நீங்கள் யார் என்ற நினைவு உங்கள் கணினியில் இல்லை, சர்வரில்தான் இருக்கிறது. எழுந்து போய்விட்டவரின் நாற்காலியில் வேறொருவர் அமரக்கூடும் என்பதால் சர்வர் அந்த நினைவைக் கலைத்துவிடுகிறது.

பணம் கழிந்து உரியவருக்குப் போய்ச் சேரவில்லையென்றால், ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த கால வரம்புகள் உங்களுக்குத் துணை நிற்கும். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். யு.பி.ஐ. வழியே ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு அனுப்பியது பெறுபவருக்குச் சேரவில்லையெனில் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதற்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்திருந்தால் பேச்சு விரைவில் முடியும்.

எல்லாம் மையத்துக்குப் போன பின்னும் கிளையிலேயே தங்கிவிட்ட ஒன்று உண்டு. அது பாஸ்புக் அச்சிடும் இயந்திரம். மையத்திலுள்ள மென்பொருளால் உங்கள் பாஸ்புக்கின் எந்த வரியிலிருந்து அச்சிடத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். நாடாவின் மை காய்ந்திருப்பதைப் பார்க்க முடியாது. எழுத்து மங்கலாக இருந்தால் கவுன்ட்டரிலேயே சொல்லுங்கள். அதற்கு எந்த லிங்க்கும் தேவையில்லை. அலமாரியில் புது நாடா இருக்கும், மாற்றித் தருகிறோம்.